ஒரு மணை, இரண்டு அண்ணன்கள்

வெளிநாட்டு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கிள்ளானில் இருக்கும் என் பழைய தோழிகள் இன்னும் கேட்கிறார்கள். கேட்கும்போதே அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். மலேசியாவில் பிறந்து வளர்ந்த நான் வாழ வந்திருக்கும் வெளிநாடு விருதுநகர். இங்கேயும் தமிழ்தான் பேசுகிறார்கள், சாமியும் அதே சாமிதான். ஆனாலும் வெளிநாடு வெளிநாடுதான். வந்த புதிதில் தெருமுனையில் இருக்கும் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கியைத் தாண்டும்போதெல்லாம் தும்மி ஓய்ந்துபோவேன். காலையில் மாமியாரிடம் "பசியாறியாச்சா அத்தை?" என்று கேட்டால், "நாங்க என்ன அம்புட்டுப் பசியாவா கெடக்கோம்?" என்று சிரிப்பார். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் பேச்சு. வருடத்துக்கு ஒருமுறை விசாவுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் போய், நான் இன்னமும் அந்நிய நாட்டுக்காரிதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன்.

அந்த வெளிநாட்டுக்கு என் சொந்த அண்ணன் முதன்முறையாக வந்தபோது அவனை ஒருநாள் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு அழைத்துப் போனோம். அந்த ஒருநாள் எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

எனக்கு எப்படி இரண்டு அண்ணன்கள் ஆனார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் பேசி முடித்ததும், சேலை எடுக்கவும் ரவிக்கை தைக்கவும் தூரத்து அத்தை ஒருத்தரோடு நான் முன்னாலேயே புறப்பட்டு வந்துவிட்டேன். அம்மாவும் அண்ணனும் அண்ணியும் இரண்டு வாரம் கழித்து வருவதாக ஏற்பாடு. அதற்குள் கொரோனா வந்து எல்லைகளை அடைத்துவிட்டார்கள். நாளைத் தள்ளிப்போடலாம் என்றேன். எவ்வளவு நாள் என்று யாருக்குத் தெரியும், கல்யாணப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு எத்தனை மாதம் காத்திருப்பது என்றார்கள் மாப்பிள்ளை வீட்டில். இருபது பேரோடு வீட்டுக்குள்ளேயே கல்யாணம் நடந்தது. அப்பா இறந்தபிறகு லோரி ஓட்டி என்னைப் படிக்கவைத்தவன் அண்ணன். அவன் என் கல்யாணத்தைப் போனில் பார்த்தான். யாரோ போனைச் சாய்த்து வைத்திருந்ததால் பாதி நேரம் மின்விசிறியைத்தான் பார்த்தானாம்.

பெண்ணுக்கு அண்ணன் முறையில் ஒருவர் நிற்காமல் சடங்கு நடக்காது. கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வரவும், மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைக்கவும் ஆள் வேண்டும். என் கணவரின் அத்தை மகன் அங்கே இருந்தார். இவருக்கு அவர் மச்சான் என்றால் எனக்கு அண்ணன் முறைதானே என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஏன் தங்கச்சி அழுதே? நான் இருக்கேம்லா இங்கன" என்றார். அன்று முதல் வீட்டில் அவர் சிவகாசி அண்ணன். என் கூடப் பிறந்தவன் மலேசியா அண்ணன்.

சிவகாசி அண்ணனுக்குப் பட்டாசுக் கம்பெனி. என் கணவருக்குச் சிவகாசியிலேயே அச்சகம். பட்டாசு டப்பாவின் மேல் ஒட்டுகிற படங்களும் லேபிள்களும் அடிக்கிற அச்சகம் அது. பாதி வேலை சிவகாசி அண்ணன் கம்பெனி ஆர்டர்தான். சீசனுக்கு முன்னால் அந்த ஆர்டர் வந்தால்தான் இவர் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

அந்த அண்ணனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வளைகாப்புக்குத் தட்டு தூக்கி வந்தவர் அவர். ஊரே அடைத்துக் கிடந்தபோது எனக்கு வலி வந்ததும், எங்கேயோ அனுமதிச் சீட்டு வாங்கிக் காரை எடுத்துவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவர்தான். மகளுக்கு முதல் மொட்டையும் அவர் மடியில்தான். குழந்தை அலறி அவர் பட்டுச் சட்டையை நனைத்துவிட்டது. அவர் சட்டையை உதறிக்கொண்டு சிரித்தார்.

ஆனால் அன்றைக்கே என் கணவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். மொட்டை அவர் மடியில் ஆகிவிட்டது, சரி. காதுகுத்து என் அண்ணன் மடியில்தான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும், தாய்மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போட வேண்டும். இது கிள்ளானிலும் இதே வழக்கம்தான். ஊரை விட்டுப் போன எங்கள் தாத்தா இதை விட்டுவிட்டுப் போகவில்லை. என் குழந்தைக்கு என் அண்ணன் யார் என்று ஊர் பார்க்க ஒரே ஒரு தருணம் அதுதான் மிச்சம் இருந்தது. ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை வயதில் குத்துவார்கள். முதல் வயதில் அண்ணனால் வரமுடியவில்லை. "சரி, மூணுல வச்சிக்கிடுவோம். ஒங்க அண்ணன் வரட்டும், அவரு மடிதான்" என்றார் இவர். மாமியார் முன்னால், சாமி அலமாரிக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். அதை நான் நம்பினேன். நம்பாமல் இருக்க ஒரு காரணமும் அவர் அதுவரை எனக்குக் கொடுத்ததில்லை.

அண்ணன் கிள்ளானில் தெரிந்த ஆசாரியிடம் தோடு செய்யக் கொடுத்தான். சிவப்புக் கல், சுற்றி ஆறு பொடி முத்து. செய்யச் செய்யப் படம் எடுத்து அனுப்புவான். "மருமக காதுக்குப் பாரமா இருக்குமா லா?" என்று எங்கள் ஊர் 'லா' போட்டுத் தினம் ஒரு கேள்வி. பிறகு திடீரென்று படம் வருவது நின்றது. கூப்பிட்டால் எடுப்பான், அம்மா எப்படி, டிக்கெட் எப்போது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். லோரி வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாளாவது என்னவென்று தோண்டிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி, வரமுடியவில்லை. அண்ணனும் அண்ணியும் வந்து இறங்கினார்கள். மாமியார் வாசலிலேயே நின்று, "வாங்க தம்பி, வாங்கம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்? எப்படி இருக்கீக?" என்று வரவேற்றார். அண்ணன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். என் சமையலறையில் நின்று டப்பாக்களைத் திறந்து மூடினான். ஒவ்வொரு பக்கெட்டிலும் தண்ணீர் பிடித்து வைத்திருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டான். தண்ணீர் தினம் வராது என்றதும் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். காதுகுத்துப் பேச்சை எடுத்தபோதெல்லாம், "நல்லபடியா நடக்கட்டும்மா" என்று சொல்லி வேறு எதற்கோ தாவினான்.

காதுகுத்துக்கு இருக்கன்குடி போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அவனுக்காக எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டியைக் கொடுத்தேன். தடவிப் பார்த்தான். "நல்லா இருக்கு பாப்பா" என்றான். மறுநாள் காலை ஐந்தரைக்கு வேனில் ஏறும்போது கட்டம் போட்ட சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு வந்தான்.

"வேட்டி எங்க?"

"பெட்டிக்குள்ள இருக்கு. எனக்கு அவிழ்ந்து விழும்மா."

"அங்க போய்க் கட்டிக்க. மாமன் வேட்டியில இருக்கணும்ல."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் டிரைவரிடம் டீசல் அடித்தாயிற்றா என்று கேட்டார். எல்லாம் என் கண்ணெதிரிலேயே நடந்தது. ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

போகும் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வந்து ஐந்து வருடம்கூட ஆகாதவள், பிறந்ததிலிருந்து இங்கேயே கிடப்பவள் போல, இது கரிசல் மண், அதோ தூரத்தில் தள்ளித் தள்ளித் தெரியும் சின்னச் சின்ன ரூம்கள் பட்டாசுக் கம்பெனி, தீப்பிடித்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள் என்று விளக்கம் கொடுத்தேன். மாமியார் அண்ணனிடம், "மலேசியாவுல மாரியாத்தா இருக்காகளா?" என்று கேட்டார். "இருக்காங்க. அங்க கொஞ்சம் குளுகுளுன்னு இருக்காங்க, நல்ல மழை" என்றான். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். மகள் அவன் மடியில் உட்கார்ந்து அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றுவதிலேயே குறியாக இருந்தாள். அவளை அவன் தாராளமாகக் கழற்ற விட்டான்.

இருக்கன்குடியில் அன்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில்தான் வண்டிகளும் அடுப்புகளும் ஆடுகளும். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலைகள் திரும்பிய பக்கமெல்லாம். நாங்கள் பிடித்திருந்த கொட்டகையில் எங்களுக்கு முன்னாலேயே சிவகாசி அண்ணன் வந்து இறங்கியிருந்தார். தரையில் வரிசையாகத் தாம்பாளங்கள். தேங்காய், பழம், வெல்லம், பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, ஒரு மூன்று சக்கர சைக்கிள்கூட இருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புட்டு நேரம்மா காத்துக்கிட்டு இருக்கோம்?" என்றார். தாய்மாமன் சீர் இவ்வளவா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. என் அண்ணனின் பெட்டியில் ஒரு பாவாடையும் ஒரு டின் பிஸ்கட்டும் அந்தத் தோடும்தான். ஆனாலும் கவலைப்படவில்லை. யார் எதைக் கொண்டுவந்தாலும் மடி ஒன்றுதான், அது யாருடையது என்று பேசி முடித்தாகிவிட்டதே.

பொங்கல் வைத்தோம். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தோம். ஆசாரி துணியை விரித்து ஊசியை எடுத்து வைத்தார். மணைப்பலகையைக் கிழக்கு பார்த்துப் போட்டார்கள்.

"மாமன் யாருங்க? வந்து உக்காருங்க" என்றார் ஆசாரி.

நான் என் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் கூட்டத்துக்கு வெளியே, கொட்டகைத் தூண் ஓரத்தில், போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். வேட்டி கட்டவில்லை. கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவன் போனுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "பிள்ளையப் பாரு, பிள்ளையப் பாரு" என்று சைகை காட்டினான். நான் மறுபடி திரும்பும்போது சிவகாசி அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தார். என் கணவர் அவர் கழுத்தில் மாலையைப் போட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தார். வாங்கி வந்திருந்தது ஒரே ஒரு மாலை. நல்ல கனத்த சம்பங்கி மாலை.

இவர் காதருகில் போய், "என்னங்க இது?" என்றேன்.

"இப்பச் சத்தம் போடாத. நல்ல நேரம் போகுது."

"எனக்கு என்ன சொன்னீங்க?"

"ஒங்க அண்ணன்கிட்டப் பேசியாச்சு. அவருக்குச் சம்மதம். வேணும்னா அவரையே கேளு."

சம்மதம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கோபம் இவரை விட்டு அப்படியே அண்ணன் மேல் தாவியது. எனக்காக ஒரு வார்த்தை வாதாடாமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், எப்படிச் சம்மதித்தான்? இதற்காகத்தானே நான் மூன்று வருடம் ஒற்றைக்காலில் நின்றேன்? மகள் வீறிட்டு அழுதாள். ஒரு காது, மறு காது. சிவகாசி அண்ணன் அவள் வாயில் கருப்பட்டியைத் திணித்தார். அவர் கொண்டுவந்த பச்சைக்கல் தோட்டை ஆசாரி போட்டுவிட்டார். குலவைச் சத்தம் எழுந்தது. நானும் நாக்கைச் சுழற்றினேன் என்று அண்ணன் எடுத்த வீடியோவில் பின்னால் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

மத்தியானம் கறிச் சாப்பாடு. சிவகாசி அண்ணன் மாலையைக் கழற்றிவிட்டு என் அண்ணன் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னும் ரெண்டு துண்டு போடச் சொல்லுங்க. கூச்சப்படாமச் சாப்பிடுங்க. ஒங்க தங்கச்சிய நாங்க நல்லாப் பாத்துக்கிடுறோம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீக."

என் அண்ணன் சாப்பிட்ட கையை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டான். "தெரியும்ங்க. ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்களாம், பாப்பா சொல்லிச்சு. ரொம்ப நன்றிங்க" என்று குனிந்தான். அவர் பதறிப்போய் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மனிதர் முகத்தில் கள்ளம் இல்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டதாகத்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பும்போது சாத்தூரில் வேனை நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் வந்தவர்கள் சேவு வாங்காமல் போகமாட்டார்கள். என் கணவர் கடைக்குள் போனார். மாமியாரும் மகளும் வேனுக்குள் தூங்கிவிட்டார்கள். நான் அண்ணனை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அண்ணியும் வந்தார்.

"உனக்கு வாய் இல்லையா?" என்றேன். "அவர் கேட்டார்னா, நீ சரின்னு சொல்லிடுவியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? தூணுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுக்கவா உன்னை இவ்வளவு தூரம் வரச் சொன்னேன்?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "விடு பாப்பா. நல்லபடியா முடிஞ்சுதுல்ல."

"என்ன நல்லபடியா? யாருக்கு நல்லபடியா?"

அதற்குமேல் அண்ணியால் பொறுக்கமுடியவில்லை. "நீயே வேணாம்னு எழுதிட்டு இப்ப அவரைப் போட்டு ஏன் இந்த வாங்கு வாங்குற? கேக்காதேன்னு நீ எழுதினதாலதான் வாயத் திறக்காம இருக்காரு. தோட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரு மாசமா இவர் தூங்கினதை நீ பார்த்தியா?"

"நான் என்ன எழுதினேன்?"

அண்ணன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அண்ணி அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, விரலால் மேலே மேலே தள்ளி, என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

என் பெயர். பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் என் படம். அதன் கீழே இருந்தது இதுதான்:

"அண்ணே, கோபப்படாதே. ரொம்ப யோசிச்சுத்தான் எழுதுறேன். கல்யாணத்திலிருந்து எனக்கு எல்லாம் செஞ்சது சிவகாசி அண்ணன்தான். காதுகுத்துக்கும் அவர் மடியில பிள்ளை உக்காருறதுதான் நியாயம்னு எனக்குத் தோணுது. நீ வந்து கூட நின்னாலே எனக்குப் போதும். இதைப் பத்திப் போன்ல பேச வேணாம், நேர்ல வந்தாலும் கேக்காதே. எனக்கு அழுகை வந்துடும்."

கீழே அண்ணனின் பதில். "சரிம்மா. உன் இஷ்டம்."

இரண்டு முறை படித்தேன். கோபப்படாதே என்று தொடங்குவது என் வழக்கம். அழுகை வந்துடும் என்று முடிப்பதும் என் வழக்கம். நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். என்னோடு ஒரே வீட்டில் படுத்து எழுந்து, நான் அண்ணனோடு பேசுவதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட ஆளால்தான் இதை எழுதமுடியும். என் போனை எடுத்துத் தேடினேன். அதில் அந்தச் செய்தியும் இல்லை, அண்ணன் பதிலும் இல்லை. என் பக்கத்தில் மட்டும் துடைக்கப்பட்டிருந்தது.

செய்தி வந்த நாளைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால். அது சூலக்கரைக்குப் போன நாள். விசா காகிதத்தில் கையெழுத்துப் போட நான் உள்ளே போகும்போது பிள்ளையையும் கைப்பையையும் போனையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில் பிள்ளைக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "வேலை முடிஞ்சிருச்சா?" என்று சிரித்தபடி கேட்டார். என் போனுக்குப் பூட்டு கிடையாது. மாமியார் அதில் சீரியல் பார்ப்பார், மகள் பொம்மைப் படம் பார்ப்பாள். வீட்டில் யாரிடமிருந்து எதைப் பூட்டுவது?

"அண்ணே, இதை நான் அனுப்பல" என்றேன்.

அவன் உடனே, "சரிம்மா" என்றான்.

அந்த அவசரம்தான் என்னைக் கொன்றது. சின்ன வயதில் தட்டை உடைத்துவிட்டு நான் உடைக்கவில்லை என்பேன். அப்போதும் இப்படித்தான் சரிம்மா என்பான். "சத்தியமா நான் அனுப்பல. அன்னிக்கு போன் என்கிட்டயே இல்ல" என்று அவன் கையைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு என் தலைக்கு மேலே, கடைப் பக்கம் பார்த்தான். என் கணவர் சேவுப் பொட்டலங்களோடு வந்துகொண்டிருந்தார்.

"சூடா இருக்கு மச்சான். எடுத்துக்கிடுங்க."

நான் அண்ணனின் போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "சூலக்கரையில என் போனை வச்சுக்கிட்டு என்ன பண்ணினீங்க?"

அவர் திரையைப் பார்த்தார். படிக்கவில்லை, படிக்கத் தேவை இல்லாத ஆள் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "ரோட்டுல நின்னு பேசாத. லோடு வண்டி வருது. ஏறு" என்றார். ஒரு பொட்டலத்தை அண்ணன் கையில் வைத்தார். இல்லை என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் நான் ஒருவேளை நம்பக்கூட முயன்றிருப்பேன்.

வேனில் ஏறியதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மகளை மடியில் இழுத்துப் போட்டு, அந்தப் பச்சைக்கல் தோட்டைத் திருகினேன். "அண்ணே, உன் தோட்டை எடு. இப்பவே எடு" என்றேன். மகள் அலறிக்கொண்டு எழுந்தாள். காதில் ரத்தம் துளிர்த்தது. மாமியார், "ஏ, பச்சப்பிள்ளைய என்ன பண்ணுதே?" என்று கத்தினார். அண்ணன் பின்சீட்டிலிருந்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம் பாப்பா. பிள்ளைக்கு வலிக்கும். ஓட்டை ஆறட்டும்."

கையை எடுத்தேன். மகள் என்னிடமிருந்து திமிறிக்கொண்டு போய் அவன் மடியில் விழுந்தாள். விருதுநகர் வரும்வரை அங்கேயே தேம்பிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில் என் கணவரின் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. ஒருமுறைகூட அவர் திரும்பவில்லை.

வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அப்போதும் அவர் குரலை உயர்த்தவில்லை. "சிவகாசி மச்சான் அஞ்சு வருசமா எல்லாம் செஞ்சுட்டு, இப்ப நீ எந்திரின்னு சொன்னா அவருக்கு எப்படி இருக்கும்? சீசன் ஆர்டர் பேசுற நேரம். அவரு மனசு கோணுனா அச்சகத்தை மூடிட்டு நான் எங்கன போவேன்? ஒங்க அண்ணன் தங்கமான ஆளு. அவரு புரிஞ்சுக்கிடுவாருன்னு தெரியும்."

"அதை என்கிட்டச் சொல்லியிருக்கலாமே. என் அண்ணன்கிட்ட நீங்களே உங்க பேர்ல கேட்டிருக்கலாமே."

"நான் கேட்டா அவரு ஒன்னக் கேப்பாரு. நீ விட மாட்ட."

அவர் சொன்னது உண்மைதான். நான் விட்டிருக்கமாட்டேன். அதனால்தான் என்னையே எடுத்து என் அண்ணனை அடித்திருக்கிறார். மடி போனதுகூட ஆறிவிடும். ஒரு மாதம், கிள்ளானில், லோரியை நிறுத்தும் இடங்களிலெல்லாம் என் அண்ணன் அந்தச் செய்தியை எடுத்து எடுத்துப் படித்திருக்கிறான். தங்கைக்கு வேறு அண்ணன் கிடைத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறான். நினைத்துக்கொண்டே விமானம் ஏறி வந்து, தூண் ஓரத்தில் நின்று, போனை ஆடாமல் பிடித்திருக்கிறான். அந்த ஒரு மாதத்தை எனக்கு யார் திருப்பித் தருவது?

மூன்றாம் நாள் மதுரை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். அண்ணன் என் கணவரின் கையைப் பிடித்து, "மாப்பிள்ளை, பாப்பாவைப் பாத்துக்குங்க" என்றான். வந்த அன்று சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் இந்தமுறை கையை விடக் கொஞ்ச நேரம் ஆனது. என் கணவர்தான் முதலில் பார்வையை எடுத்தார். பிறகு என்னைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தோட்டுப் பெட்டியை என் கையில் வைத்தான்.

"நான் உன்னை நம்புறேன். இனிமே எதுவா இருந்தாலும் எழுதாத பாப்பா. கூப்பிடு. எனக்கு உன் குரல் வேணும்."

அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மகள் காது ஆறி, சிவப்புக்கல் தோடு ஏறி, அதை இப்போது குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டேன் என்கிறாள். சிவகாசி அண்ணன் தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டியோடு வருகிறார். நானும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆர்டரும் தவறாமல் வருகிறது.

இருக்கன்குடியிலிருந்து திரும்பிய அன்றே என் போனுக்கு ஒரு ரகசிய எண் போட்டேன். மறுநாள் சீரியல் பார்க்க முடியவில்லை என்று மாமியார் வந்து நின்றார். அவருக்கு எண்ணைச் சொல்லிக் கொடுத்தேன். மகளுக்கும் தெரியும். போன் பகல் முழுவதும் கூடத்து மேசையில்தான் கிடக்கிறது. என் கணவர் அதைத் தாண்டித்தான் அச்சகத்துக்குப் போகிறார், தாண்டித்தான் சாப்பிட வருகிறார். அந்த எண் என்னவென்று அவர் மட்டும் இன்றுவரை கேட்கவில்லை.